படங்கு கட்டாத கொழுந்துக்காரி

கண்ணாடி அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே விரித்த பச்சை வெல்வெட்டில் வட்டமாக ஓர் அழுத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. வெள்ளிக் கோப்பை நின்ற இடம் அது.

காலை 9.30. அப்புத்தளைக்கு மேலே, மேகம் ஏறி இறங்கும் முகட்டில் நிற்கும் பழைய துரை பங்களா. இப்போது ஹோட்டல். மேனேஜர் சுரேஸ் அலுமாரி முன்னால் நின்றபடியே பொலிசுக்கு அழைத்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில், கொழுந்து பறிக்கும் போட்டியில் இந்தத் தோட்டம் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த கோப்பை. கனத்த வெள்ளி. பறித்தவர்கள் பெண்கள். கோப்பையில் வெட்டியிருந்தது துரையின் பேர்.

10.15. ஜீப் வந்து நின்றது. உப பொலிஸ் பரிசோதகர் கருப்பம்மா இறங்கினாள். காக்கியில் ஒரு சுருக்கம் இல்லை. நெஞ்சில் பெயர்த்தகடு பளபளத்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு மேலதிகாரி, "இந்தப் பேரை மாத்திக்கிட்டா நல்லதில்லையா?" என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து அவள் அந்தத் தகட்டைத் தினமும் துடைக்கிறாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அந்த லயத்திலிருந்து காக்கி போட்ட முதல் ஆள்.

பின்னால் சார்ஜன் ஹாஷிம் இறங்கினார். பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். ஓய்வுக்குக் கிட்ட வந்துவிட்ட மனிதர்.

கூடத்தில் விருந்தாளிப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பத்மாசனி, வெள்ளைப் பருத்திச் சேலையில். பதுளையிலிருந்து புருசனோடு வந்திருக்கும் புதுப்பெண் றிப்கா, கறுப்பு அபாயாவில். கொழும்பு உடை வடிவமைப்பாளர் வினோதினி, வெள்ளைக் காற்சட்டையில். சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்த பழைய தரை எல்லோருக்கும் கொஞ்சம் சாயம் கொடுத்திருந்தது. பத்மாசனியின் சேலை விளிம்பு முழுக்கச் சிவந்திருந்தது. வினோதினியின் காற்சட்டைக் காலில் பொட்டளவு சிவப்பு.

சுரேஸ் கறுப்புக் கோட்டைச் சரிசெய்தபடி முன்னால் வந்தான்.

"குட் மோர்னிங் மேடம். திருடியைப் பிடித்துவிட்டோம். சமையலறைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம்."

"யாரு?"

"நிரஞ்சலா. தோட்டத்துப் பெண். வாரத்தில் இரண்டு நாள் இங்கே கொழுந்துக்காரி உடுப்பில் நிற்பாள். விருந்தாளிகள் கூட நின்று படம் எடுப்பார்கள். அந்த உடுப்பில்தான் உள்ளே வந்து எடுத்திருக்கிறாள். பத்மாசனி மேடம் பார்த்திருக்கிறார்."

"முகத்தப் பாத்தாங்களா?"

"உடுப்பைப் பார்த்தார். இங்கே வேறு யார் அதைப் போடுவார்கள்? தோட்டத்து ஒபீசுக்கும் சொல்லிவிட்டேன். இன்றைக்கே பேரை வெட்டிவிடுவார்கள்."

கருப்பம்மா அவனைப் பார்த்தாள். பேர் வெட்டுவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான் லயத்துக் காம்பிரா, அந்த ஓர் அறை வீடு. பேர் போனால் வேலை போகும். வேலை போனால் சட்டி பானையைத் தெருவில் வைக்க வேண்டும்.

"ஒபீசுக்குத் திரும்ப எடுத்துச் சொல்லுங்க, பொலிஸ் முடிக்கிற வரைக்கும் யாரு பேரும் வெட்டக்கூடாதுன்னு. எடுங்க. இப்பவே."

பங்களாவின் பக்கக் கதவைத் திறந்தால் நாலு எட்டில் தேயிலை. விடிவதற்கு முன்னே மழை விட்டிருந்தது. செடிகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. சரிவு நேரே இறங்கிப் போய், வாகனங்கள் நிற்கும் கீழ் வளைவில் முடிந்தது.

ஹாஷிம் செடிகளுக்குள் இறங்கினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிரம்புக் கூடை. இடுப்பிலிருந்து கீழே ஆள் தொப்பலாக நனைந்திருந்தார்.

"பாதி வழியில கெடந்துச்சு மிஸ். உள்ளுக்கு ஒண்டுமில்ல. அட அல்லாவே, இதென்ன காலில ரத்தம்?"

சப்பாத்துக்கு மேலே அட்டை ஒன்று தொங்கியது. ஹாஷிம் அதைப் பிடுங்கப் போனார்.

"இழுக்காதீங்க சார்! சவுக்காரம் தடவுங்க, தானா விழுந்துரும்" என்று சுரேஸ் கத்தினான். கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன தமிழ் வந்தது என்று அவனுக்கே உறைத்தது. கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "சோப் கொண்டுவரச் சொல்கிறேன்" என்று உள்ளே போனான்.

"கடிச்சது தெரியவே இல்ல" என்றார் ஹாஷிம். "ரத்தத்தக் கண்டுதான் தெரிஞ்சிச்சு."

"அது நோகாது நானா" என்றாள் கருப்பம்மா; அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "அட்டை விழுந்த பிறகும் ரத்தம் லேசுல நிக்காது, பாருங்க."

நிரஞ்சலா சமையலறைப் பின்புறம் ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாயம் போன பாவாடை, ஆண்கள் சட்டை. கைகளில் கொழுந்துக் கறை. பக்கத்தில் உரச்சாக்கில் தைத்த பை. காக்கியைக் கண்டதும் எழுந்து நின்றாள். பிறகு கண் பெயர்த்தகட்டுக்குப் போனது.

"கருப்பம்மாவா? எந்தத் தோட்டம்?"

"தெமோதரைப் பக்கம்."

"அப்ப நம்மாளு. பாத்ததும் எழும்பிட்டேன், என்ன செய்ய? காக்கி வந்து நின்னா காலு தானா எழும்புது."

"அதுதான் அதோட வேலை. நான் வாயத் தொறக்கிறதுக்கு முந்தி அது பேசிரும். உக்காருங்க. காலையில என்ன நடந்துச்சு?"

"ஒன்னும் நடக்கல மிஸ். போட்டோ பத்து மணிக்குன்னாங்க. நான் வந்து இங்க உக்காந்து தேயிலைச் சாயத்தண்ணி குடிச்சேன். அந்தப் போட்டோச் சேலையத் தொடவே இல்ல."

"யாராவது பாத்தாங்களா?"

"சமையக்காரரு டவுனுக்குப் போயிட்டாரு. கொத்தமல்லிச் செடி பாத்துச்சு. அது சாட்சி சொல்லுமா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "மகளுக்கு அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல சோதனை மிஸ். இப்பப் பேரு வெட்டினா எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்?"

"பைக்குள்ள என்ன?"

நிரஞ்சலா சாக்குப்பையைக் கவிழ்த்தாள். ஒரு சவுக்காரத் துண்டு. நாலாக மடித்த தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்று. கொழுந்துக்காரிகள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு. கருப்பம்மா அதை விரித்து உள்ளும் புறமும் தடவினாள். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

"போட்டோ வேலைக்குப் படங்கு எதுக்கு?"

"எதுக்கோ. அது இல்லாம வீட்ட விட்டு எறங்கினா இடுப்புல என்னமோ கொறையுது. இந்த உடுப்பப் போட்டு நிக்கச் சொல்லுவாங்க, இத மட்டும் கட்டக்கூடாதுன்னுருவாங்க. காற்சட்டை போட்ட அந்தக் கொழும்பு நோனாதான் சொன்னாங்க, படத்துல அழுக்காத் தெரியுமாம்."

பத்மாசனி வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். நேர்மையான மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

"ஓம், கண்டனான். ஒன்பது மணி இருக்கும். பக்கக் கதவாலை வந்து தேயிலைக்குள்ளை இறங்கிப் போனவ. செம்மஞ்சள் சேலை, பச்சைக் கரை. முதுகிலை கூடை. தலையிலை கயிறு. நெத்தியிலை பெரிய சிவப்புப் பொட்டு."

"முகம்?"

பத்மாசனி தேயிலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உயரமா, கட்டையா?"

"அது... கொழுந்து பறிக்கிற பிள்ளை மாதிரித்தான்."

"இடுப்பில ஏதாவது கட்டியிருந்தாங்களா? சேலைக்கு மேல?"

"இல்லை. கரை முழுக்கத் தெரிஞ்சது. வடிவான சேலை."

கருப்பம்மா தலையாட்டினாள்.

உடுப்பு அலுமாரி அறைகளுக்குப் போகும் நடையில் இருந்தது. பூட்டு இல்லை. விருந்தாளிகளும் போட்டுப் படம் எடுப்பார்கள் என்பதால் எப்போதும் திறந்தே இருக்கும். செம்மஞ்சள் சேலை கொக்கியில் தொங்கியது. ஹாஷிம் துணியைக் கையில் எடுத்தார். புடவைக்கடைக்காரர் கை.

"மிஸ், தோளும் முந்தானையும் காஞ்சு ஈக்கி. இடுப்பிலேருந்து கீழ பிழிஞ்சா தண்ணி வரும். இங்க பாருங்க, நூலெல்லாம் இழுபட்டீக்கி."

கீழ்ப்பக்கம் முழுக்கத் தேயிலைக் குச்சி கீறிய தழும்பு. மடிப்பில் ஒரு கிள்ளாத கொழுந்து சிக்கிக் கிடந்தது. சேலையின் கொசுவம் முன்கூட்டியே தைத்து வைத்தது. பாவாடை மாதிரி ஏற்றிக் கொக்கியைப் போட்டால் முடிந்தது.

"இத உடுக்கச் சேலை கட்டத் தெரிய வேண்டியதில்ல" என்றாள் கருப்பம்மா.

பின்னால் ஒரு தொண்டைச் செருமல். றிப்கா நின்றாள்.

"மிஸ், ஒரு விசயம் சொல்லோணும். நேத்து நானும் அத உடுத்தேன். அபாயாவுக்கு மேல. அவர்தான் படம் எடுத்தார்." குரலைத் தாழ்த்தினாள். "உம்மாட காதுக்கு மட்டும் போயிரக்கூடாது."

"உம்மா எங்க இருக்காங்க?"

"பதுளையில."

"நாங்க பதுளைக்குப் போகல. நேத்து தேயிலைக்குள்ள எறங்கினீங்களா?"

"அல்லாவே, இல்ல! ஓரத்தில நிண்டுதான். சேலை நேத்து காஞ்சுதான் ஈந்திச்சு. அந்த வினோதினி மேடம்தான் எனக்குப் பொட்டு ஒட்டிவிட்டாங்க. இந்த உடுப்பே அவங்க தச்சதாம்."

11.30. வினோதினியின் அறை. பெட்டி கட்டி வாசலில் தயாராக நின்றது. அவள் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காற்சட்டையின் கணுக்காலோரத்தில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு சிவப்பு.

"கிளம்புறீங்களா?"

"மத்தியானம் கொழும்புக்குப் போக வேணும். காலையில இருந்து நான் ரூமை விட்டு வெளியில வரல்ல. சத்தம் கேட்டுத்தான் ஹோலுக்கு வந்தேன்."

"தோட்டத்துக்குள்ள?"

"நோ, நோ. அந்தச் சேத்துக்குள்ள யார் போறது?"

"உடுப்பு நீங்க தச்சதா?"

"டிசைன் என்னோடது. பழைய படங்களைப் பார்த்துச் செஞ்சேன். கூடை, கயிறு, பொட்டு. இப்ப அதுகள் சாக்குப்பையும் பிளாஸ்டிக்கும் கட்டிக்கொண்டு வருதுகள், பார்க்கவே ஏலாது. நான்தான் அதையெல்லாம் எடுத்தேன்."

"அது எதுக்குன்னு கேட்டீங்களா?"

"இது வெறும் கொஸ்டியூம் மேடம். ஒரு உடுப்பு. அதுக்கு அர்த்தம் ஒண்டும் இல்ல. போடுறவ என்ன நினைக்கிறாளோ அதுதான்."

"அப்டியா?" என்றாள் கருப்பம்மா. குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். "தரை மெழுகு பட்டிருக்கு போல."

"ஓ, பாருங்க. சனியன் பிடிச்ச தரை."

கருப்பம்மா வெளியே வந்தாள். ஹாஷிம் நடையில் நின்று ஒரு காலைத் தூக்கி, அட்டை கடித்த இடத்தில் கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நிக்கல்ல மிஸ்."

"நிக்காது நானா. எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லுங்க. நிரஞ்சலாவையும். முன்வாசலால வரட்டும்."

கூடத்தில் காலி அலுமாரியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நிரஞ்சலா முன்வாசலால் உள்ளே வந்தாள். அந்த வாசலால் அவள் வருவது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றப் போனாள்.

"போட்டுக்கிட்டே வாங்க" என்றாள் கருப்பம்மா.

பிறகு சுரேஸ் பக்கம் திரும்பினாள். "இந்த மலையில கடைசியாக் கூடையில கொழுந்து பறிச்சது எப்ப?"

சுரேஸ் யோசிக்கவே இல்லை. "ரொம்ப வருசமாச்சுங்க. எல்லாம் சாக்குப்பைதான்." கோட்டு மறந்துபோயிருந்தது.

"அப்ப பத்மாசனி அம்மா பாத்தது இந்தத் தோட்டத்துப் பொம்பளைய இல்ல. படத்துல வர்ற பொம்பளைய. கொழுந்துக்காரி மாதிரித் தெரியணும்னு உடுத்தவ அவ. நிரஞ்சலாவுக்கு அப்டித் தெரிஞ்சு என்ன ஆகணும்? இந்த வீட்டுல அவங்க பேரு ஒட்டியிருக்கிற ஒரே உடுப்பு அதுதான். களவுக்கு வர்றவ அதையா தேடிப் போட்டுக்கிட்டு வருவா?"

"அவசரத்தில் போட்டிருக்கலாம்" என்றாள் வினோதினி.

"இருக்கலாம். சேலைக்கு வருவோம். தோள் காய்ஞ்சிருக்கு, இடுப்புக்குக் கீழ நனைஞ்சிருக்கு. மழையில நனைஞ்சா தோள்ல இருந்துதான் நனையும். இது செடி நனைச்சது. இடுப்பளவு ஈரச் செடிக்குள்ள நடந்திருக்காங்க." நிரஞ்சலாவின் பையிலிருந்து படங்கை எடுத்து மேசையில் விரித்தாள். "இது எதுக்குன்னு இங்க ஒருத்தர் கேக்கவே இல்ல. ஈரம் ஏறாம, குச்சி கீறாம இருக்கத்தான். நிரஞ்சலா, இது கையில இருக்கும்போது இது கட்டாம ஈர மலைக்குள்ள எறங்குவீங்களா?"

"பைத்தியமா மிஸ்?" நிரஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடு பத்தி எரிஞ்சாலும் கட்டிக்கிட்டுத்தான் எறங்குவேன். கை தானா கட்டிரும்."

"படங்கு காய்ஞ்சிருக்கு. சேலை நனைஞ்சிருக்கு. போனவங்களுக்குப் படங்கு கட்டத் தோணல. அது அழுக்குன்னு நெனச்ச ஒருத்தங்க."

வினோதினி கைகளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க என்னையா சொல்லுறீங்க? நான் ரூமிலேயே இருந்தனே."

"உங்க காற்சட்டையில சிவப்பு."

"தரை மெழுகு. நீங்கதானே சொன்னீங்க!"

"நான் சொன்னேன், நீங்க ஒத்துக்கிட்டீங்க. நான் ஜீப்பை விட்டு எறங்கி வந்தப்போ அது பொட்டளவு. உங்க ரூம்ல ஒரு ரூபாய்க் குற்றியளவு. இப்பப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். சிவப்பு உள்ளங்கையளவு விரிந்து, வெள்ளைத் துணியில் கீழே வழிந்திருந்தது.

"தரை மெழுகு வளராதுங்க. காலத் தூக்குங்க."

வினோதினி அசையவில்லை. றிப்கா குனிந்து, மரியாதையாகவே, காற்சட்டை விளிம்பை ஒரு விரல் உயர்த்தினாள். கணுக்காலில் சின்னதாக ஒரு முக்கோணக் கடிவாய். அதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம்.

"அட்டை" என்றார் ஹாஷிம். தன் காலைக் காட்டினார். "எனக்கும் அதே மாதிரித்தான். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தோட்டத்துப் பக்கமே போகலன்னீங்க" என்றாள் கருப்பம்மா. "அட்டை கதவத் தட்டிட்டு ரூமுக்குள்ள வராது. ஹாஷிம் நானா, கீழ் வளைவுல நிக்கிற இவங்க கார்."

ஹாஷிம் சாவிக்குக் கை நீட்டினார். வினோதினி கொடுத்தாள்.

காரிலிருந்த கெமராப் பெட்டிக்குள், படம் எடுக்கும்போது தலையில் சூட வைத்திருந்த நெட்டிப்பூக்களுக்கு அடியில் கோப்பை இருந்தது.

வினோதினி நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன முறையும் விலைக்குக் கேட்டேன். ஹோட்டல் கம்பனி தரமாட்டன் என்டது. இங்க தூசி பிடிச்சுத்தானே கிடந்தது. கூடைக்குள்ள வச்சுக் கொண்டுபோய், பாதி வழியில கூடையை எறிஞ்சிட்டு, காரிலேயே சேலையைக் கழற்றிக் காற்சட்டையைப் போட்டு, சேலையைக் கெமராப் பைக்குள்ள திருப்பிக் கொண்டுவந்தேன். எல்லாரும் கத்திக்கொண்டு ஓடின நேரம் கொக்கியில மாட்டினேன். அவளை மாட்டிவிட வேணும் என்டு நான் நினைக்கவே இல்ல. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்."

"நீங்க நெனச்சது சரியாத்தான் நடந்துச்சு. உங்கள யாரும் பாக்கல. உடுப்பத்தான் பாத்தாங்க" என்றாள் கருப்பம்மா. "நீங்க நெனைக்காதத உடுப்பு சொல்லிருச்சு. முதல்ல இவங்கதான் திருடின்னு சொன்னுச்சு. பிறகு நீங்கன்னு சொன்னுச்சு."

பத்மாசனி எழுந்து நிரஞ்சலாவிடம் போனார். முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"நான் சேலையைத்தான் கண்டனான் பிள்ளை. ஆளைக் காணேல்லை. கண்டன் என்டு சொன்னது பிழை."

"பரவால்லம்மா. இப்பப் பாத்துட்டீங்கதானே."

ஹாஷிம் கோப்பையைச் சான்றுப் பைக்குள் வைக்கப் போனார். நிரஞ்சலா எட்டிப் பார்த்தாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"துரை பேரு வெட்டியிருக்கு" என்றாள் கருப்பம்மா.

"பாருங்க மிஸ். பறிச்சது நாங்க. துரைக்குன்னா பேரு வெள்ளியில வெட்டுறாங்க. எங்களுக்குன்னா செக்ரோல்ல வெட்டுறாங்க."

சுரேஸ் தொலைபேசியை எடுத்தான். இந்த முறை அவன் ஒபீசோடு பேசிய தமிழ் கோட்டுக்குப் பொருந்தவில்லை. "ஐயா, அந்தப் பேர வெட்டாதீங்க. ஆமாங்க, தப்பு எங்களோடது. எழுத்துலயே தர்றேன்." வைத்துவிட்டு நிரஞ்சலாவிடம் வந்தான். "அக்கா, மன்னிச்சிருங்க. அடுத்த தடவ நீங்க வரும்போது..."

"வர்றேன் சுரேசு. நீ மேல் லயத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சுதான் இத்தனை நாளும் சும்மா இருந்தேன். இனி வந்தா இந்தப் படங்கோட, இந்தச் சாக்குப்பையோடதான் நிப்பேன். அழுக்காத் தெரிஞ்சா தெரியட்டும். அது என் உடுப்பு."

கருப்பம்மா வாக்குமூலத் தாளை எடுத்தாள். "முதல் சாட்சி நீங்கதான். முழுப்பேரு சொல்லுங்க."

"மாடசாமி நிரஞ்சலா." நிரஞ்சலா கொஞ்சம் நிமிர்ந்தாள். "தெளிவா எழுதுங்க மிஸ்."

கருப்பம்மா தெளிவாக எழுதினாள். நிரஞ்சலா கையெழுத்துப் போட்டாள். மேசையில் கிடந்த படங்கை எடுத்து, அந்தக் கூடத்தின் நடுவிலேயே, எல்லோரும் பார்க்க, இடுப்பில் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. கை தானாகவே கட்டியது.

"நான் வர்றேன். இப்பவே மலைக்குப் போனா அரைப்பேராவது, அரைநாள் சம்பளமாவது விழும்."

முன்வாசலால் இறங்கி, பங்களாவைச் சுற்றி, ஈரச் செடிகளுக்குள் நுழைந்தாள். கிளைகள் படங்கில் அடித்து அடித்து விலகும் சத்தம் கூடம்வரை கேட்டது.